ஆளைப் பார்த்துப் போட்ட பைப்

பழைய ரேலி வண்டி வாங்க வருகிறவனைப் போல ஒரு மடையனை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது என்பது கேஜ்காரரின் தீர்மானம். கத்தரிக்காய் வாங்குகிறவன்கூடக் காம்பைப் பார்ப்பான், சொத்தை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பான். இவன் வந்ததும் வராததுமாகச் சாவியைக் கேட்பான். இன்ஜினைப் போட்டு நாலு தடவை உறுமவிடுவான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததோ இல்லையோ, பல்லெல்லாம் வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் வண்டிக்குக் கீழே தரையே இல்லை என்று சொன்னாலும் அவன் மண்டையில் ஏறாது.

கேஜ்காரருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது மின்சார பில்லில் மட்டும் வரும். ரேலி வண்டி என்பது மண் ரோட்டிலும் மலைச் சரிவிலும் தலைதெறிக்க ஓடுகிற வண்டி. ஓட்டுகிறவர் ஒருவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருகிற நேவிகேட்டர் ஒருவர். என்றைக்காவது ஒரு நாள் வண்டி உருளும். அன்றைக்குக் கூரை நசுங்கி இரண்டு பேர் தலையிலும் இறங்காமல் இருக்க, வண்டிக்குள்ளே இரும்புப் பைப்பை வளைத்துப் பற்றவைத்து ஒரு கூண்டு போட்டிருப்பார்கள். அதுதான் கேஜ். மூடிக் கிடக்கிற ஒரு மாவு மில்லுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்வது அந்த வேலையைத்தான். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் சரி என்றால் வாங்குவார்கள். வேண்டாம் என்றால், அப்போதும் முக்கால்வாசிப் பேர் வாங்கத்தான் செய்வார்கள். பிறகு எதற்கு இவரை இழுத்துக்கொண்டு போனார்கள் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் பார்க்கிற முறையே வேறு. சாவியைத் தொடமாட்டார். ஒரு கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் படுப்பார். கல் மோதிக் குழிந்த இடம், குதித்து இறங்கியதில் விரிசல் விட்ட இடம், துருவை மறைத்துப் பூசிய இடம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பார். எழுந்து வந்து முன் சக்கரம் நிற்கும் மூலைகளை நகத்தால் சுரண்டுவார். சீட்டையும் பெல்ட்டையும் திருப்பி, எந்த வருஷத்தோடு காலாவதி என்று படிப்பார். கடைசியில் ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்து கேஜைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வருவார், டாக்டர் முதுகில் தட்டுகிற மாதிரி. "இன்ஜின் போனா இன்ஜின் வாங்கலாம். கழுத்து போனா எந்தக் கடையில வாங்குவே?" என்பது வருகிறவர்களிடம் எல்லாம் அவர் கேட்கிற கேள்வி.

கேட்டு என்ன பயன்? செவிடன் காதில் ஊதின சங்கு. மருந்துக் கடை வைத்திருக்கிற ஒருத்தன், மூன்று கோப்பை ஜெயித்த வண்டி என்று ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தான். கோப்பை ஜெயித்தபோது இருந்த இன்ஜின் இப்போதும் உள்ளே இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வக்கீல், ஊரில் யாரிடமும் உதிரி பாகம் கிடைக்காத வெளிநாட்டு வண்டியை வாங்கி, ஒரு கண்ணாடிக்காக எட்டு மாதம் காத்திருந்தார். இன்னொருத்தன் ஓட்டுகிறதற்கு முன்னாலேயே கதவில் தன் ரத்தப் பிரிவை எழுதிவைத்தான், அதுவும் தப்பாக. "யானை வாங்கறான், அங்குசம் வாங்கக் கேட்டா மூக்கால அழறான். ஹெல்மெட்டுக்குப் பேரம் பேசறான்யா!" என்று கேஜ்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

இதையெல்லாம் அவர் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொல்லும்போது அவருடைய மனைவி கொஞ்ச நேரம் கேட்பாள். பிறகு, "உலகத்துல உங்களத் தவிர மத்த எல்லாரும் முட்டாள். போதுமா? கைய கழுவுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

முட்டாள்களின் வரிசையில் முதல் இடம் டிப்ளமோவுக்கு. ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக கேஜ் போடும் பட்டறை ஆரம்பித்தவன் அவன். கம்ப்யூட்டரில் படம் போட்டுவிட்டுத்தான் பைப்பை வளைப்பான். வேலை நடக்கும்போது வாடிக்கையாளரை நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒவ்வொரு வெல்டிங் ஒட்டையும் காட்டுவான், போட்டோ எடுத்தும் கொடுப்பான். "படம் போட்டாத்தான் பைப் வளையுமா? போட்டோ எடுத்தாத்தான் வெல்டிங் பிடிக்குமா? ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணல்" என்று கேஜ்காரர் சொல்வார். அவர் கொட்டகையில் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. வண்டியை விட்டுவிட்டுப் போக வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

இப்படி ஊரையே எடைபோட்டு ஓரத்தில் தள்ளிவைத்த மனிதருக்கு வாய்த்த மாப்பிள்ளை யார் என்று பார்த்தால், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். மெல்லிய குரல், மெல்லிய கை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு துணி வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் மூக்குக் கண்ணாடி அழுக்காக இருந்தால் கேட்டு வாங்கித் துடைத்துக் கொடுப்பார். அவருக்கு ரேலிப் பைத்தியம். நண்பர் ஒருவரின் வண்டியை இரவல் வாங்கி மூன்று போட்டி ஓட்டியாயிற்று. மூன்றிலும் கடைசிக்கு முந்தின இடம். "கடைசி ஆளுக்கு வண்டி நின்னு போச்சு. இல்லன்னா அந்த எடமும் கெடைச்சிருக்காது" என்பார் மாமனார். ஊருக்கெல்லாம் பார்வை சரிபண்ணுகிறவனுக்கு வளைவு மட்டும் கண்ணில் படுவதில்லை என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். மனைவி சிரிக்கமாட்டாள்.

ஏனென்றால் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நோட்ஸ் படிக்கிறது அவர்களுடைய ஒரே மகள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை அவளுக்கு. ஒரு வளைவைப் பார்த்தால் அதை எண்ணாக மாற்றிவிடுகிற தலை. நல்ல நேவிகேட்டர் என்று போட்டி நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பெருமை ஒரு பக்கம் இருந்தாலும், போட்டி நாளில் போன் அடித்தால் மனைவியை எடுக்கச் சொல்வார். அவர் பயப்படுகிறார் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். ஆனால் பயந்தார். மாப்பிள்ளை என்றைக்காவது ஒரு நாள் வண்டியை உருட்டத்தான் போகிறார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அன்றைக்குத் தன் மகள் தலைக்கு மேலே என்ன இருக்கும் என்பதுதான் அவருக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த கேள்வி.

சொந்தமாக ஒரு வண்டி வாங்குவது என்று இரண்டு பேரும் முடிவெடுத்ததும் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்கே வந்து நின்றார். "மாமா, மூணு வண்டி பாத்து வச்சிருக்கோம். எங்க பட்ஜெட்டுக்கு அதுதான் வரும். நீங்க வந்து பாத்துச் சொன்னாத்தான் வாங்குவோம்" என்றார்.

"சாவி கேக்காம இருந்தா வர்றேன்" என்றார் கேஜ்காரர்.

முதல் வண்டி டயர் கடைக்காரருடையது. பேய் மாதிரி இழுக்கும் டர்போ இன்ஜின். பார்த்ததுமே மாப்பிள்ளையின் கை சாவிப் பக்கம் போனது. மாமனார் தொண்டையைக் கனைத்தார். கை திரும்பி வந்தது. கோணிப்பையை விரித்துப் படுத்தவர் இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டார். "முன்னால தாங்கற கட்டை ரெண்டா வெடிச்சு, மேல பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சிருக்கு. இத வாங்கறதுக்கு, பணத்த அடுப்புல போட்டா வெந்நீராவது காயும்." டயர் கடைக்காரர் முறைத்தார். அதைப் பற்றிக் கேஜ்காரருக்கு என்ன கவலை? துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

இரண்டாவது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிற அம்மாள் வைத்திருந்த சாம்பல் நிற வண்டி. சின்ன இன்ஜின். மூலைக்கு மூலை உரசல். பின் கதவில் பள்ளியின் பேரைச் சுரண்டி எடுத்த தடம் அப்படியே இருந்தது. அந்த அம்மாள், "இது மூஞ்சி அழகா இருக்காது. உள்ள நோவு கிடையாது. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கேஜ்காரர் அடியில் படுத்து அரை மணி நேரம் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாதது அவருக்கே எரிச்சலாக இருந்தது. "தேவலாம். உங்க ஓட்டுக்கு இது ஜாஸ்தி" என்றார்.

"ஆனா இதுல கேஜே இல்ல மாமா. எல்லாம் புதுசா போடணும். நீங்கதானே சொல்லுவீங்க, வண்டி வாங்கறத விட வண்டி கட்டறதுதான் செலவு, கட்டி முடிச்சத வாங்கறவன்தான் புத்திசாலின்னு." மாப்பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தான் சொன்னதையே தன்னிடம் ஒருத்தர் திருப்பிச் சொன்னால் பிறகு என்ன பேசுவது? "சரி, மூணாவதையும் பாத்துத் தொலைப்போம்" என்றார்.

காரில் போகும்போது மகள் முன் சீட்டிலிருந்து திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "இவரு அதத்தான் மனசுல முடிவு பண்ணி வச்சிருக்காரு. காரணம் தெரியுமா? கேஜ் நீங்க போட்டதாம். விக்கறவர் விளம்பரத்துலயே போட்டிருக்காரு."

கேஜ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். பரவாயில்லை, இந்தக் கண்ணாடிக்காரனுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மாப்பிள்ளையைப் பற்றி அவர் நினைத்த முதல் நல்ல வார்த்தை அது.

மூன்றாவது வண்டி பெயிண்ட் கடைக்காரருடைய கிடங்கில் நின்றது. சுற்றிலும் டின்னும் டிரம்மும் அடுக்கி, நடுவில் பளபளவென்று நீல வண்டி. பெயிண்ட் கடைக்காரர் குட்டையாக, உருண்டையாக, வாயெல்லாம் சிரிப்பாக இருந்தார். கேஜ்காரரைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்களே வந்துட்டீங்களா! நாலு வருஷமா நானும் என் மச்சினனும் இதுலதான் ஓட்டறோம். கேஜ் யாரு போட்டதுன்னு கேட்டுட்டுத்தான் அன்னிக்கு இந்த வண்டியவே வாங்கினேன். மச்சினனுக்கு இடுப்பு வலி வந்துடுச்சு, அதான் விக்கறேன். இல்லன்னா விப்பேனா?"

கேஜ்காரர் வழக்கப்படி அடியில் படுத்தார். சுத்தம். மூலைகளைச் சுரண்டினார். சுத்தம். பெல்ட்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. இதற்குள் மகள் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்து, நோட்டை வைக்கும் இடம் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். மாப்பிள்ளை வெளியே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேஜ்காரர் ஸ்பேனரை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். தன் வேலையைத் தானே எதற்குத் தட்டிப் பார்ப்பது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் பழக்கம் விடுமா? மகள் தலைக்குப் பின்னால் வளைந்து ஏறுகிற பைப்பில் கீழேயிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங். முழங்கை உயரம் வந்ததும் டொக் என்றது. ஒரு சாண் தூரத்துக்கு டொக், டொக். அதைத் தாண்டியதும் மறுபடி டிங்.

ஸ்பேனரைக் கீழே வைத்தார். விரலால் தடவினார். வழுவழுவென்று தேய்த்துவிட்டிருந்த ஒட்டு, நீலப் பெயிண்டுக்குக் கீழே நூல் மாதிரி நகத்தில் தட்டுப்பட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டி வெள்ளையாக இருந்தது.

விஷயம் இதுதான். கேஜுக்குப் போட வேண்டியது ஒட்டில்லாமல் இழுத்த கனமான பைப். அது கனமாக இருக்கிறதா என்று பார்க்கப் போட்டி நடத்துகிறவர்கள் ஒரு பரிசோதகரை வைத்திருப்பார்கள். பைப்பில் ஓர் இடத்தில் சின்ன ஓட்டை போட்டு வைக்க வேண்டும். அவர் அதற்குள் அளவியை விட்டு அளந்து, புத்தகத்தில் முத்திரை குத்திவிட்டுப் போவார். அந்த ஓட்டையை எல்லோரும் ஓட்டுகிறவருக்குப் பின்னாலோ பக்கத்தாளுக்குப் பின்னாலோ முழங்கை உயரத்தில்தான் போடுவார்கள். பரிசோதகர்களுக்கும் வேறிடம் பார்க்கத் தோன்றாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாத்திரக் கடைக்காரன் இந்த வண்டியோடு வந்தான். கொட்டகைக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் கம்ப்ரெஸரில் ஒரு இடி, கதவில் ஒரு இடி. போட்டிக்கு ஆறு நாள்தான் இருந்தது. கனமான பைப் கையிருப்பில் இல்லை. கேஜ்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். இவன் ஓட்டுகிற ஓட்டுக்கு வண்டி உருள வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் புரட்ட வேண்டும், இவனுக்கு எதற்குக் கனமான பைப் என்று தோன்றியது. வீட்டு வாசல் கேட்டுக்குப் போடுகிற மெல்லிய பைப்பை எடுத்து வளைத்தார். ஓட்டை வரும் இடத்தில் மட்டும் கனமான பைப்பில் ஒரு சாண் துண்டை வெட்டி நடுவில் சேர்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தார். பரிசோதகர் அளந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். பரிசோதகரும் முட்டாள்தான் என்று கேஜ்காரருக்கு அன்றைக்கு உறுதியாகிவிட்டது.

அதோடு விட்டாரா? அடுத்தடுத்து இன்னும் ஐந்து வண்டிக்கு அதே மாதிரி செய்தார். அப்போது பைப் கையிருப்பில் இருந்தது, அவசரமும் இல்லை. ஆளின் முகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். நன்றாக ஓட்டுகிறவன் என்று அவர் மதித்தவனுக்கு மில்லிமீட்டர் குறையாமல் போட்டார். மற்றவனுக்குப் போட்டது சோற்றுக்குள் மறைத்த முழுப் பூசணிக்காய். பிறகு டிப்ளமோ பட்டறை வந்தது, வாடிக்கையாளர்கள் விவரமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள், அவரும் நிறுத்திக்கொண்டார். மறந்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். நினைக்காமல் இருந்தார்.

"என்ன மாமா, ரொம்ப நேரம் தட்டறீங்க?" என்றார் மாப்பிள்ளை.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எங்கே போய்க் கத்துவான்? கேஜ்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம். வண்டி சரியில்ல. அடியில கோணியிருக்கு" என்றார்.

பெயிண்ட் கடைக்காரருக்குச் சிரிப்பு போய்விட்டது. "கோணலா? எங்கண்ணே? போன மாசம்தானே அளந்து பாத்தேன்?"

"சொன்னா சொன்னதுதான். வாங்க போலாம்."

வெளியே வந்துவிட்டால் போதும், சாம்பல் வண்டியை வாங்கவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். இதை யாராவது வாங்கி எங்காவது ஓட்டட்டும், தன் மகள் உட்காரவில்லை, அது போதும். உள்ளதை உள்ளபடி சொன்னால், அந்த நிமிஷம் அவருக்கு இருந்த எண்ணம் அதுதான்.

ஆனால் மகள் இறங்கவில்லை. பெல்ட்டோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தலைக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டாள். "கோணல் இருந்தா நிமித்திக்கலாம்ப்பா. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் பயமில்ல. கேஜ் நீங்க போட்டது. எனக்கு அது போதும். ஒவ்வொரு போட்டிக்கும் இரவல் வண்டில உக்காரும்போது, இத யாரு பத்தவச்சானோ, எப்படிப் பத்தவச்சானோன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். இதுல அந்தக் கவலை இல்ல" என்றாள்.

மாப்பிள்ளை, "நானும் அதுக்குத்தான் மாமா இத எடுத்துடலாம்னு பாத்தேன். எனக்கு ஓட்டு சரியா வராதுன்னு எனக்கே தெரியும். என்னைக்காவது உருட்டிட்டேன்னா அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்றார்.

கிடங்குக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வந்துகொண்டு பீப் பீப் என்று கத்தியது. அது நிற்கும்வரை கேஜ்காரர் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "துளை போடற மெஷின் இருக்கா?" என்று பெயிண்ட் கடைக்காரரைக் கேட்டார்.

"எதுக்கு?"

"குடுய்யா!"

மெஷின் வந்தது. மகளை இறங்கச் சொன்னார். பழைய ஓட்டையிலிருந்து இரண்டு சாண் மேலே, டிங் என்று மெல்லிய பைப்பின் சத்தம் வந்த இடத்தில் வைத்து அழுத்தினார். கனமான பைப் என்றால் நின்று நிதானமாக இறங்க வேண்டும். இது வெண்ணெயில் இறங்குகிற மாதிரி பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. தன் பையிலிருந்து அளவியை எடுத்து ஓட்டைக்குள் கொக்கியை விட்டு, மகள் கையில் கொடுத்தார். "படி" என்றார்.

தினமும் அளவு படிக்கிறவள் அவள். ஒரு தடவை படித்தாள். பழைய ஓட்டையில் விட்டுப் படித்தாள். மறுபடி புது ஓட்டை. "பாதிதான் இருக்கு" என்றாள்.

பெயிண்ட் கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். அவருக்கு முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "இதுலயா நாலு வருஷம் ஓட்டினோம்? என் மச்சினனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்குய்யா! எந்தப் பாவிப்பய அண்ணே இப்படிப் பண்ணான்? உங்க கேஜுன்னு சொல்லி எவனோ என் தலையில கட்டிட்டானா?"

அந்த வழி திறந்துதான் இருந்தது. ஆமாம், எவனோ என் பேரைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று பேரும் நம்பியிருப்பார்கள். கேஜ்காரர் மகளைப் பார்த்தார். அவள் அளவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அப்பாவின் வெல்டிங் எப்படியிருக்கும் என்று தெரியாதவளா அவள்?

"நான்தான்" என்றார்.

மகள்தான் கேட்டாள். "ஏன்ப்பா?"

"அப்போ வாங்கினவன் ஓட்டறதப் பாத்தேன். இவனுக்கு இது போதும்னு போட்டுட்டேன்."

"போதும்னா?"

"இவன் வேகமாவே போகமாட்டான், உருளமாட்டான்னு..." இத்தனை வருஷம் கொட்டகையில் கொடிகட்டிப் பறந்த வாய், பெயிண்ட் டின்களுக்கு நடுவில் நின்று தடுமாறியது.

மகள் அழவில்லை, கத்தவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இவரு உங்க மாப்பிள்ளையா இல்லாம, சும்மா யாரோ ஒருத்தரா வண்டியக் கொண்டு வந்திருந்தா, எந்த பைப் போட்டிருப்பீங்க?"

கேஜ்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் கண்ணாடியைக் கழற்றி, பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, கொஞ்சமும் கோபமில்லாமல், "மெல்லிசுதான் போட்டிருப்பாரு. விடும்மா, அவர ஏன் கேக்கற?" என்றார்.

அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கேஜ்காரருக்கு. "அந்தச் சாம்பல் வண்டிய எடுங்க. கேஜ் நான் போட்டுத் தர்றேன். ஒத்தப் பைசா வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே நின்னு பாருங்க. எங்க வேணுமோ அங்க ஓட்டை போட்டுப் பாருங்க" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் வேலை செய்யும்போது ஒருத்தரை அவர் பக்கத்தில் நிற்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"சாம்பல் வண்டிதான் எடுக்கப் போறோம். கேஜ் டிப்ளமோகிட்ட போட்டுக்கறோம்" என்றாள் மகள்.

கேஜ்காரர் தலையை ஆட்டினார். டிப்ளமோ ஒவ்வொரு ஒட்டையும் காட்டுவான், அவள் ஒவ்வொன்றையும் அளப்பாள், அவள் கழுத்து பத்திரமாக இருக்கும். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆறுதல்.

பெயிண்ட் கடைக்காரர் ஒரு டிரம்மின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?" என்றார். இப்போது அண்ணே என்று சொல்லவில்லை.

"இன்னும் அஞ்சு."

"எங்க இருக்கு?"

"தெரியாது. கை மாறியிருக்கும்."

மகள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். போட்டி நடத்துகிறவர்களிடம் வண்டிப் பட்டியல் இருக்கும், பேரைச் சொன்னால் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தேடிவிடலாம் என்றாள். அடுத்த போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "முதல்ல உங்ககிட்ட போட்டுக்கிட்டவங்க பேர் சொல்லுங்க. ஒவ்வொண்ணா எழுதிக்கறேன்" என்றாள்.

கேஜ்காரர் யோசித்தார். அந்த நாளில் ஒருத்தனைப் பூசணி என்று கூப்பிட்டார். ஒருத்தன் தொடைநடுங்கி. ஒருத்தன் அம்மா பிள்ளை. ஒருத்தனுக்கு அரை டிக்கெட். இன்னொருத்தனுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார், அது மகள் முன்னால் சொல்லக் கூடியது இல்லை. அவர்களுக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்ன என்று அவர் கேட்டதே இல்லை.

"பேரு தெரியாதும்மா" என்றார்.

மகள் போனைப் பிடித்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகமாவது ஞாபகம் இருக்கா மாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"இருக்கு" என்றார் கேஜ்காரர். "அத நல்லாப் பாத்துட்டுத்தானே பைப் எடுத்தேன்."